மூவாயிரம் ரூபாய் சீட்டும், இரண்டு வருடக் கடனும்

"வேலூருக்கும் ஒண்ணு போட்டு வை. கிடைச்சா லாட்டரி!"

பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க ஆசைப்படும் தமிழ்நாட்டு வீடுகளில் ப்ளஸ் டூ முடியும் நேரத்தில் கட்டாயம் காதில் விழும் வாசகம் இது. மாமா சொல்வார், ட்யூஷன் வாத்தியார் சொல்வார். கிறிஸ்தவக் குடும்பம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது பக்கத்து பெஞ்ச்காரரும் சொல்வார். சொல்பவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாசகத்தில் இருக்கும் 'லாட்டரி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லாட்டரி என்றால் என்ன? அடித்தால் பணம் நமக்கு. அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது எல்லோரும் சொல்லும் சி.எம்.சி.யில், கிடைக்கும் எம்.பி.பி.எஸ். இடம் அந்த மாதிரிச் சமாச்சாரமா? அங்கே விண்ணப்பம் போடுகிற ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. நீட் வந்ததா, போனதா, கட்-ஆஃப் எவ்வளவு என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நிறைய பேருக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இங்கே தேவைப்படுகிறது.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரிக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து சேர்ந்த மருத்துவர். அப்பாவும் மருத்துவர். இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை! பஞ்சமும் நோயும் பார்த்துச் சலித்த ஊரை விட்டு அமெரிக்காவிலேயே செட்டிலாகிவிட வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சில மாதம் துணைக்கு இருக்கத் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வலி. ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் இன்னொரு இந்து. ஐடாவின் அப்பா வருகிறேன் என்றார். ஆண் டாக்டர் வந்து எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஐடா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூர் திரும்பி, ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, "மூன்று விண்ணப்பம் வந்தாலே உன் அதிர்ஷ்டம்" என்கிற ரீதியில்தான் மேலதிகாரிகள் பேசினார்கள். வந்தது 151! முதல் அணியில் படித்து முடித்து எல்.எம்.பி. பரீட்சை எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆனது. 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த விண்ணப்பம் போடப்பட்டதற்குக் காரணம் அடுத்த வீட்டுச் சாவு. ஐடாவின் சொந்தக் கனவு வேறாக இருந்தது. இரண்டு, இறந்த மூன்று பெண்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. 'கிறிஸ்தவ' மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் உள்ள முதல் சொல் நோயாளியைப் பற்றியது கிடையாது. மருத்துவம் பார்க்கிறவர் எதற்காகப் பார்க்கிறார் என்பதைப் பற்றியது. இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் பேசினால், சி.எம்.சி. என்பது குறைந்த பீஸில் நல்ல பெயர் வாங்கித் தரும் கல்லூரி, அவ்வளவுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

சரி, பீஸ் விஷயத்துக்கு வருவோம். சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வருடக் கல்விக் கட்டணம் நீண்ட காலமாக 3,000 ரூபாய் என்ற அளவிலேயே இருந்து வந்தது. ஹாஸ்டல், சாப்பாடு, இதர கட்டணங்கள் எல்லாம் தனி. அதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய தொகை. அதே படிப்புக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் 'லாட்டரி' என்ற வார்த்தை ஏன் வருகிறது என்று புரியும்.

ஆனால் வணிகவியல் படிக்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஒரு பொருளை உண்டாக்கும் செலவு குறையாமல் அதன் விலை மட்டும் குறைந்தால், மீதியை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம். பிணவறை, ஆய்வகம், நூலகம், பேராசிரியர் சம்பளம், மாணவன் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி... மருத்துவக் கல்லூரி நடத்துவது மலிவான காரியம் கிடையாது. அப்புறம் அந்த மீதியைக் கட்டுவது யார்?

பதில் காட்பாடி ரயில்வே ஸ்டேஷனில் இருக்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், எல்லை தாண்டி பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். வேலூர் காந்தி ரோடு லாட்ஜுகளிலும் ஓட்டல்களிலும் வங்காள எழுத்தில் போர்டு தொங்குவது இவர்களுக்காகத்தான். இந்த நோயாளிகள் கட்டும் பணத்தில்தான் ஆஸ்பத்திரி ஓடுகிறது. அதே பணத்தில்தான் கட்ட முடியாத நோயாளிக்குக் குறைக்கிறார்கள். மாணவனின் பீஸில் குறைகிற துண்டு விழுவதும் இங்கேதான். அதோடு, பல திருச்சபைகள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த காணிக்கையும் நன்கொடையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போட்ட பாட்டிக்கும் அந்த சீட்டில் ஒரு துளி பங்கு உண்டு.

இவர்கள் ஏன் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ பணம் கட்ட வேண்டும்? சும்மா கட்டவில்லை. திருச்சபைகளின் பரிந்துரையோடு சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் பரிந்துரைத்த அமைப்பு சொல்லும் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும். அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்கிறார்கள். ஆகவே அந்தக் குறைந்த பீஸைத் தள்ளுபடி என்று நினைப்பது தப்பு. அது முன்பணம். முன்பணம் வாங்கினால் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது ப்ளஸ் ஒன் அக்கவுண்டன்சி பாடம். பணம் கையில் இருக்கும், ஆனால் சரக்கைக் கொடுக்கிற வரை அது பொறுப்பு. வருமானம் என்று எழுதக் கூடாது!

இந்த முழுக் கட்டுரையும் சொல்ல வருவது இதைத்தான். வேலூர் சீட்டை வருமானமாக எழுதிக்கொள்கிறவர்களும், பொறுப்பாக எழுதிக்கொள்கிறவர்களும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மார்க் ஷீட்டைப் பார்த்து அவர்களைப் பிரிக்க முடியாது.

அந்த இரண்டு வருடம்

இரண்டு வருடம் என்று எழுதுவது சுலபம். அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பீகாரில் நேபாள எல்லையை ஒட்டி ரக்சால் என்று ஒரு ஊர். அங்கே டங்கன் ஆஸ்பத்திரி என்று ஒரு மிஷன் மருத்துவமனை இருக்கிறது. வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் இதுபோல நிறைய. அசாமில் மகுந்தா என்ற இடத்தில், மூடிக்கிடந்த ஒரு பழைய தொழுநோய் ஆஸ்பத்திரியை 1993-ல் இரண்டு டாக்டர்கள் போய்த் திரும்ப எழுப்பினார்கள். நம் பக்கத்திலும் சின்ன ஊர்களில் மிஷன் ஆஸ்பத்திரிகள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்பெஷலிஸ்ட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இன்டர்ன்ஷிப் முடித்து இருபத்து நான்கு வயதில் போய் இறங்குகிறவருக்கு ராத்திரி டியூட்டியில் பாம்புக்கடி வரும், வலிப்போடு கர்ப்பிணி வருவார், காசநோய் முற்றி ரத்தம் கக்குகிறவர் வருவார். வேலூரில் என்றால் பக்கத்து பில்டிங்கில் பேராசிரியர் இருப்பார். இங்கே போனில் கூப்பிட்டுக் கேட்க ஒரு சீனியர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாஷை தெரியாது. சாப்பாடு பிடிக்காது.

கூடவே இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இன்றைக்கு வெறும் எம்.பி.பி.எஸ். என்றால் கல்யாணப் பத்திரிகையில் போடக்கூட ஆள் யோசிக்கிறார்கள். உடன் படித்தவர்கள் எல்லாம் நீட் பிஜி கோச்சிங் சேர்ந்து எம்.டி. போய்க்கொண்டிருப்பார்கள். இவர் ரக்சாலில் மலேரியா ஸ்லைடு பார்த்துக்கொண்டிருப்பார். பொருளாதாரப் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இதை மறைத்துவிட்டு 'சேவை, சேவை' என்று மட்டும் பேசுவது நியாயமில்லை. விலை உண்டு. பெரிய விலை.

அப்படியானால், கட்டாயப்படுத்தி வாங்கும் சேவை சேவையா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் முடித்ததும் படையில் அதிகாரியாக வேலை செய்தாக வேண்டும். அதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. கையெழுத்துப் போடும்போதே தெரிந்த விஷயம் கட்டாயம் ஆகாது. அதற்குப் பெயர் ஒப்பந்தம்.

இங்கேதான் ஒரு சுவாரசியமான சட்ட விஷயம் வருகிறது. பி.காம். வணிகச் சட்டப் பாடத்தில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறார்களே, அதற்குத் துணையாக 1963-ன் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவருடைய தனிப்பட்ட திறமையைச் சார்ந்த வேலை ஒப்பந்தத்தை, 'போய் செய்' என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டஈடு வாங்கலாம், அவ்வளவுதான். பாட வருவதாக ஒத்துக்கொண்டு வராத பாடகரை இழுத்து வந்து பாட வைக்க முடியாது. பாடினாலும் நன்றாக இருக்காது! டாக்டர் விஷயமும் அப்படியே. பல மாநிலங்களில் அரசுக் கல்லூரியில் படித்தவர்கள் கிராமப்புற சேவைக்கு எழுதிக் கொடுத்த பாண்டை, அபராதத் தொகையைக் கட்டிவிட்டு மீட்டுக்கொண்டு போகிறார்கள். தொகை கட்டியாயிற்று, கணக்கு நேராயிற்று என்று ஒரு எண்ணம்.

நேராகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியது டாக்டர், வந்து சேர்ந்தது செக். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு வருகிற பெண்ணுக்கு செக்கைக் காட்டி என்ன செய்வது? திண்டிவனத்து மூன்று வீடுகளுக்கும் தேவைப்பட்டது ஒரு ஆள். கடைசியில் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்பது ஒரு பதினெட்டு வயது மனிதர் கொடுக்கும் வார்த்தையில். சட்டம் அதற்குப் பின்னால் கொஞ்ச தூரம்தான் வரும்.

வார்த்தையைக் காப்பாற்றியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் உதாரணம் உண்டு. ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே இருவரும் சி.எம்.சி.யில் படித்தவர்கள். 1970-ல் மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்ற வறண்ட ஊருக்குப் போனார்கள். டாக்டர் வந்து எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டு, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிரசவம் பார்க்க, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுக்க, எடை குறைந்த குழந்தையைக் கண்டுபிடிக்க அந்தப் பெண்களே கற்றுக்கொண்டார்கள். 1979-ல் இந்தத் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஜாம்கேட்டுக்கு வந்து படித்துவிட்டுப் போனார்கள். இவர்கள் யாரும் இரண்டு வருட பாண்டுக்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போகலாம் என்ற நினைப்பே வராத கல்லூரிகள் எத்தனை!

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அப்படியானால், வார்த்தையைக் காப்பாற்றுகிற பதினெட்டு வயதுக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விதான் கோர்ட் வரை போனது.

சி.எம்.சி. பல பத்தாண்டுகளாகத் தனி வழி வைத்திருந்தது. முதலில் எழுத்துத் தேர்வு. அதில் முன்னால் வந்தவர்களை வேலூருக்கு வரவழைத்து, மூன்று நாள் தங்க வைத்து, தனியாகப் பேசி, குழுவாக வேலை கொடுத்து, எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து எடுப்பார்கள். பின்பு நீட் வந்தது. 2013 ஜூலையில், சி.எம்.சி.யும் ஒரு தரப்பாக இருந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நீட் செல்லாது என்றது. 2016 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017-ல் தன் வழியில் தேர்ந்தெடுக்க முடியாது என்ற நிலை வந்தபோது, சி.எம்.சி. தன்னிடம் இருந்த 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்தது. அதுவும் ராணுவத்தினர் குடும்பத்துக்கான மத்திய அரசின் ஒதுக்கீட்டில் வந்தவர். 99 இடங்கள் காலி! கடைசியில் 2020 ஏப்ரல் 29 அன்று, சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும், அதனால் அவர்களது அரசியல் சட்ட உரிமை பறிபோகவில்லை என்று தீர்ப்பு வந்தது. மூன்று நாள் நேர்காணல் காலம் முடிந்தது. இப்போது நீட் மார்க், கலந்தாய்வு, கூடவே திருச்சபை ஒதுக்கீட்டுக்குப் பரிந்துரைச் சான்றிதழ்.

யார் பக்கம் நியாயம்?

நேர்காணலுக்கு எதிராகச் சொல்லப்படும் விஷயங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, நாலு பேர் மத்தியில் தயங்காமல் பேசும் டாக்டர் வீட்டுப் பிள்ளை நேர்காணலில் ஜொலிப்பதும், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பிள்ளை வாயடைத்து உட்கார்ந்திருப்பதும் நடக்கக்கூடியதுதான். மூன்று நாள் நல்ல பிள்ளையாக நடிக்க முடியாதா என்ன? இதைவிடப் பெரிய விஷயம் பரிந்துரைக் கடிதம். திருச்சபை அரசியல் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எந்தக் கோஷ்டி ஜெயித்தது, யாருக்கு யார் வேண்டியவர் என்பதற்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லோருக்கும் ஒரே பரீட்சை, ஒரே ரேங்க் பட்டியல் என்பதில் ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. கோர்ட் பார்த்ததும் இந்தப் பக்கத்தைத்தான்.

ஆனால் நீட் எதை அளக்கிறது? 720 மார்க். பாதி உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும். அந்த 720-ல் 'ரக்சாலுக்குப் போவாயா?' என்ற கேள்விக்கு ஒரு மார்க்கூட இல்லை. மேலும் இது பணக்காரப் பரீட்சை. ஒரு வருடம், இரண்டு வருடம் வீட்டில் உட்கார வைத்து லட்சக்கணக்கில் கோச்சிங் கட்டக்கூடியவர்களுக்கு ஏற்பட்ட பரீட்சை. அரசுப் பள்ளி மாணவர்களால் இதில் போட்டி போட முடியவில்லை என்பதால்தான் தமிழக அரசே 2020-ல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டு வர வேண்டியிருந்தது. கிராமத்துக்குப் போகத் தயாரான ஆள் வேண்டும் என்று தேடுகிற கல்லூரிக்கு, கிராமத்துப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளும் சல்லடையைக் கொடுத்தால் எப்படி?

ஆக, ஒரு பக்கம் ஆளைப் பார்த்தது, ஆனால் பாரபட்சத்துக்கு இடம் வைத்தது. இன்னொரு பக்கம் பாரபட்சத்தைக் குறைத்தது, ஆனால் ஆளைப் பார்க்கவே இல்லை. இதில் சிறுபான்மை உரிமை, மத்திய அரசு, மாநில அரசு என்று கொடி பிடிக்கிறவர்கள் பேசாத ஒரு தரப்பு இருக்கிறது. 2017-ல் காலியாக விடப்பட்ட 99 இடங்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். அவர்கள் 2023 வாக்கில் டாக்டர்களாக வெளியே வந்திருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானோர் 2025 வரை ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்திருப்பார்கள். கொள்கைக்காக நின்றதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொள்கையின் விலையைக் கட்டியவர்கள் வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. அவர்களுக்கு வேலூரில் வழக்கு நடந்ததுகூடத் தெரியாது. 99 பேரைச் சேர்த்துக்கொண்டே வழக்கை நடத்தியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அடுத்த வருடம் சேர்க்கை திரும்ப நடந்தது. போன வருடம் போனதுதான்.

இனி என்ன செய்யலாம்?

தீர்ப்பு வந்துவிட்டது. பழைய நேர்காணல் திரும்ப வரப்போவதில்லை. ஆனாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

திருச்சபைகள் பரிந்துரைச் சான்றிதழை சாதிச் சான்றிதழ் மாதிரிக் கொடுப்பதை நிறுத்தலாம். ஞானஸ்நான ரிஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், 'உங்கள் பிள்ளை ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் தங்கிப் பார்த்ததா?' என்று கேட்கலாம். வார்டில் பெட்ஷீட் மாற்றட்டும், ஓ.பி. வரிசையில் சீட்டு எழுதட்டும். பத்து நாளில் பாதி பேருக்குத் தெரிந்துவிடும், இது நமக்கா இல்லையா என்று. தெரிந்து விலகுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. சி.எம்.சி.யே முதல் வருட மாணவர்களைக் கிராமத்தில் தங்க வைத்துப் பாடம் நடத்துகிறது. அதே காரியத்தைச் சேர்வதற்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, யாருக்குப் பரிந்துரை கொடுத்தோம், அவர்களில் எத்தனை பேர் இரண்டு வருடத்தை முடித்தார்கள், எத்தனை பேர் முடிக்கவில்லை என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு திருச்சபையும் வருடா வருடம் சபையில் வாசிக்கலாம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கம்பெனி என்றால் பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கை கொடுக்கிறார்கள் அல்லவா? காணிக்கை போட்ட பாட்டியும் பங்குதாரர்தான்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வருகிற ஜூனியர் டாக்டரை ஓசி ஆள் என்று நினைத்து, வழிகாட்ட யாரும் இல்லாமல் முப்பத்தாறு மணி நேர டியூட்டியில் கசக்கிப் பிழிந்தால், அந்தப் பிள்ளை இரண்டு வருடத்தை ஜெயில் தண்டனை மாதிரித்தான் எண்ணும். அடுத்த அணிக்கும் அப்படியே சொல்லி அனுப்பும். கற்றுக் கொடுக்க ஒரு சீனியர், தங்க ஒரு ஒழுங்கான அறை, படிக்கக் கொஞ்சம் நேரம். இவ்வளவும் கேட்பது ஆடம்பரம் கிடையாது.

மீதி எல்லாம் விண்ணப்பிக்கிறவர் கையில். வேலூரில் உட்கார்ந்து மூன்று நாள் கேட்ட கேள்விகளை இனி அவரவர் வீட்டில் அவரவரே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பீஸ் இருபது லட்சமாக இருந்தால் இந்தக் கல்லூரிப் பெயரை எழுதியிருப்பேனா? தெரியாத பாஷை பேசும் ஊரில் இரண்டு வருடம் இருப்பேனா? உடன் படித்தவன் எம்.டி. முடிக்கும்போது மனசு கசக்காமல் இருக்குமா? 'அபராதம் கட்டிட்டு வந்துடு, அப்பா பார்த்துக்கறேன்' என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் சொல்வேன்? இதில் கிறிஸ்தவரா இல்லையா என்பதுகூட அடுத்த கேள்விதான். பொது இடத்தில் சேரும் வேற்று மதப் பிள்ளை இந்தக் கேள்விகளுக்கு ஆமாம் என்று சொல்ல முடியும். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் பிள்ளை இல்லை என்று சொல்லவும் முடியும்.

பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை குறைந்த பீஸைப் பார்த்து வருவதில் தப்பே இல்லை. அந்தக் குறைந்த பீஸே அவர்களுக்காகத்தான். பீஸுக்காக வந்து, படிக்கும்போது மனம் மாறி, அங்கேயே இருபது வருடம் தங்கிவிடுகிறவர்களும் இருக்கலாம். ஐடாவே முதலில் மாட்டேன் என்று சொன்னவர்தானே. அதனால் பதினெட்டு வயதில் யாரும் மகானாக இருக்க வேண்டியதில்லை. வாங்குவது முன்பணம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

தெரிந்தே ஏமாற்ற நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நாட்டில் எழுநூறுக்கும் மேல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பு முடிந்த மறுநாளே சொந்த ஊருக்குத் திரும்பி கிளினிக் போட அனுமதிக்கும் கல்லூரிகள் அவற்றில் ஏராளம். அங்கே போய் நன்றாகப் படித்து நல்ல டாக்டராக வாருங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. வேலூர் பட்டியலில் உங்களுக்கு அடுத்த ரேங்கில் ஒரு பெண் காத்திருக்கலாம். ரக்சால் எங்கே இருக்கிறது என்று அவள் ஏற்கெனவே மேப்பில் தேடிப் பார்த்திருக்கவும் கூடும்.